விதைக்கு முகாம் அட்டவணை தெரியாது: வேளாண் அறிவியல் கோடை முகாம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பள்ளி மாணவர்களுக்கு வேளாண் அறிவியல் வேலைகளை அறிமுகம் செய்யும் கோடை முகாம்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகின்றன. திட்டம் போடுகிறவர்கள் பேச்சாளரின் நேரம், பேருந்தின் நேரம், சாப்பாட்டு நேரம் எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கிறார்கள். விதையின் நேரம் மட்டும் விட்டுப்போகிறது. வெள்ளிக்கிழமை காலை நட்ட விதை அன்று மாலை நிறைவு விழாவுக்கு முளைத்து வந்து நிற்காது. அப்போது மிஞ்சுவது ஆய்வகச் சுற்றுலா: நுண்ணோக்கி ஒன்று, அதைச் சுற்றி 24 பேர், ஆளுக்கு ஐந்து விநாடி.

இந்த ஆய்வு ஒரு தனி முகாமின் கதையல்ல. பல இடங்களில் திரும்பத் திரும்ப வரும் ஓர் அமைப்பை எடுத்துக்கொண்டு, எது எங்கே ஒடிகிறது, எப்படிக் கட்டினால் நிற்கிறது என்று பிரித்துப் பார்க்கிறது. அளவு இதுதான்: திங்கள் முதல் வெள்ளி வரை இரண்டு வாரம், 10 வேலை நாள். 24 மாணவர்கள், ஆறு பேர் கொண்ட நான்கு குழுக்கள், குழுவுக்கு ஒரு வழிகாட்டி. ஆறுக்கு மேல் போனால் கடைசியில் நிற்கிறவர் கைபேசியை எடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கொள்கையும் ஒன்றுதான். ஒரு வேலையை அறிமுகம் செய்ய வேண்டுமானால், அந்த வேலையில் இருப்பவர் கையெழுத்திடும் தாளை மாணவர் எழுத வேண்டும். விதைப் பரிசோதகர் என்றால் முளைப்புத்திறன் அறிக்கை, மண் ஆய்வாளர் என்றால் உரப் பரிந்துரை, நோயியலாளர் என்றால் நோய் இன்னது என்ற சீட்டு. தாளில் ஒரு முடிவு இருக்க வேண்டும்; அது தவறினால் யாருக்கு என்ன நட்டம் என்பதும் மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாணவர் வருவதற்கு 25 நாள் முன்பு

வயல் பரிசோதனை இல்லாத வேளாண் முகாம், சமையலறை இல்லாத சமையல் வகுப்பு. ஆனால் 10 நாளில் பயிர் வளர்க்க முடியாது. எனவே முகாம் தொடங்க 25 நாள் இருக்கும்போதே மக்காச்சோளத்தை விதைத்துவிட வேண்டும். மாணவர் வரும்போது பயிர் முழங்கால் உயரம் தாண்டியிருக்கும், தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறை இலை நிறத்தில் தெரியத் தொடங்கியிருக்கும்.

அமைப்பு எளிது. எக்டருக்கு 0, 40, 80, 120 கிலோ தழைச்சத்து என நான்கு அளவுகள். அடுத்தடுத்த நான்கு பாத்திகள் சேர்ந்தது ஒரு தொகுதி. நான்கு தொகுதிகள், ஒவ்வோர் அளவும் தொகுதிக்கு ஒருமுறை, ஆக 16 பாத்திகள். பாத்தி 3 மீட்டருக்கு 4 மீட்டர். 60 செ.மீ. இடைவெளியில் 5 வரிசை, வரிசையில் 20 செ.மீ.க்கு ஒன்றாக 20 செடிகள். தொகுதிக்குள் எந்த அளவு எந்தப் பாத்திக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். 1919இல் இங்கிலாந்தின் ரொதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் வயல் பரிசோதனைக்குள் கொண்டுவந்த முறை இது. நம் கண்ணுக்குத் தெரியாத மண் வளச் சரிவு ஏதோ ஓர் உர அளவுக்கு மட்டும் சாதகமாகிவிடாமல் இருக்கத்தான் குலுக்கல். முன்பயிருக்குத் தொழுவுரம் அள்ளிப் போட்ட நிலத்தையோ, பயறு போட்டு மடக்கி உழுத நிலத்தையோ இதற்கு எடுக்கக் கூடாது. 0 கிலோ பாத்தியும் பச்சைப் பசேலென்று நிற்கும், மாணவர் “அப்போ உரமே வேண்டாமா?” என்பார். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அதற்கான விடையை அந்த நிலம் அந்த ஆண்டு தராது.

உரத்தை ஊழியர்கள் முன்கூட்டியே இட்டிருப்பார்கள் என்றாலும் கணக்கை மாணவர் முதலிலிருந்து போட வேண்டும். பாத்தி 12 சதுர மீட்டர். எக்டருக்கு 80 கிலோ என்றால் பாத்திக்கு 96 கிராம் தழைச்சத்து. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். எனவே எடுக்க வேண்டிய யூரியா 96 வகுத்தல் 0.46, அதாவது சுமார் 209 கிராம். மேசையில் இரண்டு பொட்டலம் வைத்துவிடுவது நல்லது, ஒன்றில் 209 கிராம், மற்றதில் 96 கிராம். 80 கிலோ பாத்திக்கு உரியது எது என்று கேட்டால், முதல் சுற்றில் பலரும் 96ஐத் தொடுவார்கள். சத்துக்கும் உரத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கும் அரை மணி நேரப் பாடம் அந்த ஒரு பொட்டலத்தில் முடிந்துவிடுகிறது. இந்தத் தவறைப் படித்தவர்களும் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

அளவெடுப்பதில்தான் பெரிய சறுக்கல். மக்காச்சோளத்தின் உயரம் எது? மேல் இலையை நிமிர்த்திப் பிடித்து அதன் நுனி வரையா, முழுதாக விரிந்த கடைசி இலையின் கழுத்து வரையா? இரண்டுக்கும் வெகு தூரம். இதை முடிவு செய்யாமல் டேப்பைக் கையில் கொடுத்தால் நான்கு குழுவும் நான்கு வெவ்வேறு விஷயத்தை அளந்து வரும். முதல் நாள் ஐந்து செடிகளுக்குக் குச்சி நட்டு, நான்கு குழுவும் அதே ஐந்தைத் தனித்தனியே அளந்து, எண்களைப் பலகையில் அருகருகே எழுத வேண்டும். அந்தப் பலகையைப் பார்த்த பிறகு யாரும் “சும்மா ஒரு சென்டிமீட்டர்தானே” என்று சொல்வதில்லை.

அடுத்தது வேலைப் பங்கீடு. “ஒரு குழுவுக்கு ஓர் உர அளவு” என்று பிரிப்பது இயல்பாகத் தோன்றும். அதைச் செய்யவே கூடாது. ஒரு குழு சற்றுத் தாராளமாக அளக்கும் குழுவாக இருந்தால், அந்தத் தாராளம் முழுவதும் அந்த உரத்தின் பலனாகக் கணக்கில் ஏறிவிடும். பிறகு எந்தப் புள்ளியியலாலும் பிரித்தெடுக்க முடியாது. குழுவுக்கு ஒரு தொகுதி கொடுத்தால், அளப்பவரின் குணம் தொகுதி வேறுபாட்டுக்குள் போய் அடங்கிவிடும். ஓரச் செடிகளுக்கு வெயிலும் காற்றும் கூடுதல் என்பதால் பக்கத்துக்கு ஒரு வரிசையையும் வரிசையின் இரு நுனிச் செடிகளையும் ஒதுக்கிவிட்டு, நடு மூன்று வரிசையில் மட்டும் அளக்க வேண்டும்.

திங்கள் வைத்து, வெள்ளி எண்ணி, மறு திங்கள் முடிப்பது

முளைப்புத்திறன் சோதனைக்கும் மக்காச்சோளத்தையே எடுப்பதற்கு நாட்காட்டிதான் காரணம். 1924இல் அமைந்த பன்னாட்டு விதைப் பரிசோதனைச் சங்கத்தின் விதிப்படி அதற்கு முதல் எண்ணிக்கை 4ஆம் நாள், இறுதி எண்ணிக்கை 7ஆம் நாள். திங்கள் வைத்தால் வெள்ளி முதல் எண்ணிக்கை, அடுத்த திங்கள் இறுதி. சனி, ஞாயிறில் யாரும் வர வேண்டியதில்லை. நெல்லை எடுத்தால் இறுதி எண்ணிக்கை 14ஆம் நாள். முகாம் முடிந்து மூட்டை கட்டிய பிறகு.

விதை 400, நான்கு நூறாக. குழுவுக்கு ஒரு நூறு. கடையில் கிடைக்கும் வீரிய விதை பெரும்பாலும் சாயம் ஏறிய, பூச்சிக்கொல்லியும் பூசணக்கொல்லியும் பூசிய விதை. மாணவர் கைக்கு அது ஆகாது. பூச்சில்லாத விதையை முன்கூட்டியே கேட்டு வாங்கி வைக்க வேண்டும். குவியலை நன்றாகக் கலந்து, பார்க்காமல் அள்ளி எண்ணச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் கை தானாகவே பருத்த, பளபளப்பான விதையைத்தான் பொறுக்கும். பொறுக்கிய நூறு 98 முளைக்கும், மூட்டை 80தான் முளைக்கும். விவசாயி வாங்குவது மூட்டையை.

முளைப்புத் தாளை நனைத்து, நீர் சொட்டாத அளவுக்கு வடியவிட்டு, அடியில் இரண்டு தாள் விரித்து விதையை வரிசையாக வைத்து, மேலே ஒரு தாள் போட்டுத் தளர்வாகச் சுருட்ட வேண்டும். சுருளை நிமிர்த்தி நிறுத்தி 25 டிகிரி செல்சியஸில் வைத்தால் வேர் நேராகக் கீழே இறங்கும், எண்ண எளிது. படுக்க வைத்தால் வேர்கள் பின்னிக்கொண்டு, பிரிக்கும்போது ஒடிந்து, நல்ல நாற்றும் கெட்ட கணக்கில் சேரும். கெடுவதற்கு இன்னொரு வழி அதிக ஈரம். தாளை விரலால் அழுத்தினால் விரலைச் சுற்றி நீர்ப்படலம் நிற்கக் கூடாது; நின்றால் விதைக்கு மூச்சு முட்டும், பூசணம் வரும்.

வெள்ளிக்கிழமை சுருளைப் பிரிக்கும்போதுதான் இந்த வேலை என்னவென்று மாணவருக்குப் பிடிபடுகிறது. முளைத்ததை எண்ணுவது எளிது என்று நினைத்து வந்திருப்பார். தாளில் முளைத்திருக்கிறது, ஆனால் குருத்துறை (இளங்குருத்தை மூடியிருக்கும் உறை) பிளந்து இலை பக்கவாட்டில் துருத்தி நிற்கிறது: எந்தக் கணக்கு? முதல் வேர் குட்டையாக நின்றுவிட்டது, பக்க வேர்கள் நன்றாக ஓடியிருக்கின்றன: எந்தக் கணக்கு? மக்காச்சோளத்தில் இரண்டாவது ஏற்கத்தக்கது. முதலாவதில் பிளவு எவ்வளவு, இலை எங்கே வெளிவந்தது என்பதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒரே நாற்றைச் சுற்றி இரண்டு மாணவர் வாதாடத் தொடங்கினால் வழிகாட்டி உடனே தீர்த்துவைக்கக் கூடாது. அந்த வாதம்தான் விதைப் பரிசோதகரின் தொழில்.

மறு திங்கள் நான்கு நூறுகளின் எண்ணையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். சராசரி 90 என்றால் மிக அதிகத்துக்கும் மிகக் குறைவுக்கும் இடையே 12 வரை இடைவெளியை விதி ஏற்கிறது. அதைத் தாண்டினால் அறிக்கை எழுதக் கூடாது, சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். முகாமில் திரும்பச் செய்ய நாள் இருக்காது. அப்போது அறிக்கைத் தாளில் “முடிவு தரவியலாது” என்று எழுதிக் கையெழுத்திட வைக்க வேண்டும். வழிகாட்டிகளுக்கு மனம் வராது. ஆனால் இரண்டு வாரத்தில் மாணவர் கற்பவற்றுள் இதுவே கனமானது என்பது எங்கள் கருத்து.

ஏழு நாள் காத்திருப்பைச் சுவையாக்க ஒரு வழி உண்டு. இன்னொரு பிடி விதையைத் திங்கள் மாலை ஊறவைத்து, செவ்வாய் காலை கருவின் நடுவே நீளவாக்கில் பிளேடால் பிளந்து, ஒரு பாதியை மட்டும் 1 சதவீத டெட்ரசோலியம் கரைசலில் 30 டிகிரியில் இருட்டில் 2 மணி நேரம் வைப்பது. 1940களில் ஜெர்மனியில் கியோர்க் லாகோன் உருவாக்கிய சோதனை இது. நிறமில்லாத கரைசல் உயிருள்ள திசுவின் சுவாச நொதிகளால் சிவப்பாக மாறும். இறந்த பகுதி வெளுத்தே இருக்கும். மதியத்துக்குள் கரு சிவந்து நிற்பதைப் பார்த்து, அடுத்த திங்களின் முளைப்பு எண்ணிக்கை எவ்வளவு வரும் என்று ஒவ்வொருவரும் எழுதி உறையில் போட்டுவிட வேண்டும். முளைப்பு எண் வழக்கமாகக் கீழே வரும். உயிரோடு இருப்பதும் உருப்படியான நாற்றாவதும் வேறு வேறு என்று அப்போது சொன்னால் போதும். கரைசலைக் கையுறை போட்டுத்தான் கையாள வேண்டும்.

கண்ணாடிக் குவளையில் நோய்

நோயியலுக்கு, நுண்ணுயிர் வளர்க்கும் கூழ் ஊற்றிய அகார் தட்டுதான் முதலில் நினைவுக்கு வரும். உருளைக்கிழங்கு 200 கிராம், டெக்ஸ்ட்ரோஸ் 20 கிராம், அகார் 20 கிராம், ஒரு லிட்டர் நீர்; 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் நுண்ணுயிர் நீக்கும் கலன்). இதை வழிகாட்டிகள் முந்தைய வாரமே செய்து தட்டில் ஊற்றி வைத்துவிடலாம். மாணவர் செய்ய வேண்டியது இலைப்புள்ளியின் ஓரத்தில், நோயும் பசுமையும் சந்திக்கும் இடத்தில், 5 மி.மீ. துண்டு வெட்டி, 1 சதவீத சோடியம் ஹைபோகுளோரைட்டில் ஒரு நிமிடம் முக்கி, நுண்ணுயிர் நீக்கிய நீரில் மூன்று முறை அலசி, தட்டில் வைப்பது. புள்ளியின் நடுவிலிருந்து வெட்டினால் அங்கே நோய்க்காரணி செத்து, பிணந்தின்னிப் பூசணங்கள்தான் குடியிருக்கும். செவ்வாய் வைத்த தட்டை வெள்ளியே பார்த்துக் குறிப்பெடுத்துவிட வேண்டும். வார இறுதி கடந்தால் வேகமாக வளரும் ரொட்டிப் பூசணம் மூடி வரை நிறைந்து, பார்க்க வேண்டியதை மூடிவிடும். தட்டை முத்திரையிட்ட பிறகு மாணவர் திறக்கவே கூடாது. முடிந்ததும் ஆட்டோகிளேவில் போட்டுத்தான் குப்பைக்கு.

ஆனால் மாணவர் மனதில் பதிவது அகார் அல்ல, குவளை. பாக்டீரியா வாடல் தாக்கிய தக்காளிச் செடியின் அடித்தண்டில் ஒரு விரல் நீளம் வெட்டி, தெளிந்த நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் வெட்டுமுனை மட்டும் நனையும்படி தொங்கவிட வேண்டும். பின்னால் ஒரு கருப்புத் தாள். குவளையை ஆட்டக் கூடாது, மேசையைத் தட்டக் கூடாது. சில நிமிடத்தில் வெட்டுமுனையிலிருந்து வெள்ளை நூல் ஒன்று இறங்கும், ஊசியில் கோத்த நூலைப் போல மெல்லியதாக, நேராக, கீழே கீழே. அது முழுவதும் பாக்டீரியா. பக்கத்துக் குவளையில் தண்ணீர் இல்லாமல் வாடிய செடியின் தண்டு. அதிலிருந்து எதுவும் இறங்காது. இரண்டு செடியும் வயலில் ஒரே மாதிரி தலை தொங்கித்தான் நின்றன. ஒன்றுக்குத் தண்ணீர் விட்டால் போதும். மற்றதைப் பிடுங்கி அழிக்க வேண்டும், அந்த மண்ணில் அடுத்து என்ன நடுவது என்பதையே மாற்றி யோசிக்க வேண்டும்.

குவளை நீரை வாய்க்காலிலோ தோட்டத்திலோ கொட்டுவது முகாம்களில் நடக்கும் பெரும்பிழை. அந்தக் கிருமி மண்ணில் நெடுநாள் வாழும். பிளீச் கலந்து அரை மணி நேரம் வைத்த பிறகுதான் கழிவுத் தொட்டிக்கு ஊற்ற வேண்டும். நோய் தொற்றிய செடியும் விதையும் இடம் விட்டு இடம் போகாமல் தடுக்கும் பயிர்த் தனிமைப்படுத்தல் ஆய்வாளர் என்ற வேலையைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான தருணம் கிடைக்காது.

பூவின் பொழுது

பயிர்ப் பெருக்கத்துக்கு, அதாவது ரகங்களைக் கலந்து புது ரகம் உருவாக்கும் வேலைக்கு, தக்காளிப் பூ. செவ்வாய் மாலை, மறுநாள் விரியவிருக்கும் மொட்டைத் தேர்ந்து, இடுக்கியால் மகரந்தப்பைக் கூம்பை மட்டும் கழற்றிவிட்டு, புதன் காலை வேறொரு ரகத்தின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவ வேண்டும். மொட்டின் இதழ் மஞ்சளாகி விரியத் தொடங்கியிருந்தால் தாமதம். உள்ளே தன்மகரந்தம் கொட்டியிருக்கும். எப்படித் தெரியும்? மாணவருக்கு ஐந்து மொட்டு என்றால் நான்கில்தான் மகரந்தம் தடவ வேண்டும், ஐந்தாவதை வெறுமனே விட வேண்டும். அந்த வெறும் பூ காய் பிடித்தால் அந்த மாணவரின் மற்ற நான்கும் நம்பத்தக்கவை அல்ல. அடுத்த வாரம் சூல்பை பருப்பது தெரியும், அதற்குள் பெயர்ச் சீட்டு கிழியாமல் இருக்க வேண்டும். பேனா மை பனியில் கரையும். பென்சிலால் எழுத வேண்டும். பூச்சி சேகரிக்கும் 70 சதவீத ஆல்கஹால் குப்பிக்கும் இதே விதிதான்: வெளியே மார்க்கரால் எழுதியது ஒரு துளி சிந்தினாலே அழிந்துபோகும், பென்சில் எழுத்துச் சீட்டைக் குப்பிக்குள்ளேயே போட்டுவிட வேண்டும்.

கோடையில் இன்னொரு சிக்கல். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் தக்காளிப் பூ தானே கொட்டும். செடிகளை நிழல்வலைக்குள் வைத்திருக்காவிட்டால் அடுத்த வாரம் எல்லாச் சீட்டும் வெறும் காம்பில் தொங்கும்.

மற்ற நாட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மண்ணுக்கு ஒரு நாள் போதும்: வளைந்து வளைந்து நடந்து 15 முதல் 20 இடத்தில் ஆங்கில ‘வி’ வடிவக் குழி, 15 செ.மீ. ஆழம் வரை சீரான துண்டு, பிளாஸ்டிக் வாளியில் கலந்து கால்பகுப்பு முறையில் (நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டை ஒதுக்கி, மீண்டும் கலந்து) அரைக் கிலோவாகக் குறைப்பது. துத்தநாகம் பூசிய வாளி நுண்சத்து முடிவைக் கெடுக்கும். வரப்போரம், மரத்தடி, எருக்குழி அருகே எடுக்கக் கூடாது. நீர்ப்பாசனப் பொறியியலுக்குத் தெளிப்பானைச் சுற்றி ஒரே வாயளவுள்ள 24 டப்பாக்கள், ஆளுக்கு ஒன்று, 30 நிமிடம், காற்றில்லாத காலை. மிகக் குறைவாக நிரம்பிய ஆறு டப்பாவின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுத்தால் பரவல் சீர்மை, 20 மி.லி.க்கு 14 என்றால் 70 சதவீதம். கால்நடைப் பகுதியில் பாலும் சோதனைக் கரைசலும் சம அளவு ஊற்றிச் சுழற்றும் மடிநோய்ச் சோதனை, நோயுள்ள மடியின் பால் சில விநாடியில் கெட்டிப்படுவதைக் காட்டிவிடும். வீட்டில் ஆடு, மாடு, கோழி உள்ள மாணவர் அதே செருப்போடு தொழுவத்துக்குள் வரக் கூடாது என்பதை மட்டும் முன்னமே சொல்லியிருக்க வேண்டும்.

வயல் வேலை காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை. வெயிலில் நிற்கும்போது 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை நீர். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பூச்சிமருந்து கலப்பதும் தெளிப்பதும் மாணவர் வேலையல்ல, தெளித்த வயலில் மருந்தின் அட்டையில் குறித்த காலம் முடியும்வரை கால் வைக்கவும் கூடாது. தேனீக் கடி ஒவ்வாமை யாருக்கு என்பது சேர்க்கைப் படிவத்திலேயே இருக்க வேண்டும்.

விருந்தினர் பேச்சு

துறை வல்லுநரை அழைத்தால் அவர் தம் வாழ்க்கை வரலாற்றோடும் 40 படவில்லைகளோடும் வருவார். மாணவர் மரியாதையாகக் கேட்டு மறந்துவிடுவார். அழைப்பிலேயே ஒன்று கேட்க வேண்டும்: கடந்த வாரத்தின் நாட்குறிப்பைக் கொண்டு வாருங்கள். திங்கள் காலை என்ன, செவ்வாய் மதியம் என்ன, எத்தனை மணி நேரம் கணினி முன், எத்தனை மணி நேரம் வயலில், எந்தக் கூட்டம் வீண். பத்து நிமிடம் அது, இருபது நிமிடம் கேள்வி. பயிர்ப் பெருக்க ஆய்வாளரின் வாரத்தில் பூ பார்ப்பதைவிட விரிதாள் பார்ப்பது அதிகம் என்று தெரிந்து சிலர் முகம் சுருங்கும். கணக்கில் நாட்டமுள்ள, சேறு பிடிக்காத இன்னொருவர் அப்போதுதான் நிமிர்ந்து உட்காருவார். உயிர்ப் புள்ளியியல், பயிர்ப் படங்களிலிருந்து நோயறியும் கணினி நிரல், வேளாண் பொருளியல் ஆகியவையும் இந்தத் துறைக்குள்தான் இருக்கின்றன. முனைவர் பட்டம் பெற்றவர்களை மட்டும் அழைப்பதும் தவறு. பட்டயப் படிப்போடு ஆய்வகத் தொழில்நுட்பராக இருப்பவரையும் அதே மேடையில் உட்கார வைக்க வேண்டும். பல மாணவருக்குக் கைக்கெட்டும் முதல் படி அதுதான்.

என்ன மாறியது என்று எப்படி அறிவது

முதல் நாள் காலை, எதுவும் சொல்வதற்கு முன், “ஒரு வேளாண் விஞ்ஞானி வேலை செய்வதை வரையுங்கள்” என்று தாள் கொடுக்கலாம். டேவிட் சேம்பர்ஸ் 4,807 குழந்தைகளிடம் நடத்தி 1983இல் வெளியிட்ட ‘விஞ்ஞானியை வரை’ சோதனையின் வழிவந்த உத்தி இது. கடைசி நாளும் அதே தாள். ஆனால் கடைசி நாள் விடைகளை அப்படியே நம்பக் கூடாது. நட்பு, பிரிவு, சான்றிதழ், இனிப்பு எல்லாம் சேர்ந்த மனநிலையில் எல்லாரும் வேளாண் விஞ்ஞானி ஆவதாகத்தான் எழுதுவார்கள். “இந்த வேலை எனக்கு வேண்டாம்” என்று தெளிந்து எழுதியவரின் தாளையும் வெற்றிக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். எந்த வேலை, ஏன் வேண்டாம் என்று அவரால் சொல்ல முடிந்தால்.

நம்பத்தக்க கேள்வியைப் பின்னால் கேட்க வேண்டும், அதற்குச் சாக்கு வயலிலேயே நிற்கிறது. மாணவர் வீடு திரும்பும்போது மக்காச்சோளம் கதிர்கூட விடவில்லை. அறுவடையன்று ஒவ்வொரு பாத்தியிலும் நடு மூன்று வரிசையின் 6.48 சதுர மீட்டரை மட்டும் அறுத்து, தானிய எடையையும் ஈரப்பதத்தையும் எழுதி, திருத்தாத அந்த 16 எண்களை 24 பேருக்கும் அனுப்ப வேண்டும். 14 சதவீத ஈரத்துக்குத் திருத்தும் கணக்கு அவர்கள் வேலை: எடையை, 100இல் ஈரப்பதம் போக மீதியால் பெருக்கி, 86ஆல் வகுப்பது. அதே கடிதத்தில் ஒரு வரி: இப்போது என்ன பாடம் எடுத்திருக்கிறீர்கள்? விளைச்சல் எண்ணைத் திருத்தி அனுப்புகிறவர்கள் அந்தக் கேள்விக்கும் விடை எழுதுவார்கள். அனுப்பாதவர்களுக்கு இரண்டு வாரம் கழித்து இன்னொரு கடிதம், இந்த முறை அவர்களுடைய தொகுதியின் நான்கு எண்கள் மட்டும்.